சூடு தின்னாத இணைப்பு: எல்.ஈ.டி. முதல் உணரி வரை வயருக்கு ஈயம் பிடிக்க முழுமையான வழிகாட்டி

வன்னியில் ஈயம் பிடிக்க, அதாவது சோல்டர் செய்யத் தெரிந்தவருக்கு வேலைக்குக் குறைவில்லை. வயல் காவல் குடிலின் சூரிய விளக்கு, கிணற்றுப் பம்பின் கட்டுப்பாட்டுப் பெட்டி, யானை வேலிக்கு மின்துடிப்பு அனுப்பும் கருவி, குஞ்சுக் கூட்டில் தொங்கும் வெப்ப உணரி, வீட்டு வானொலி என்று எதைத் திறந்தாலும் எங்கோ ஒரு வயர் கழன்றிருக்கும். அதைத் திரும்பப் பொருத்துவது சிறிய வேலைதான். ஆனால் பொருத்தும்போது எல்.ஈ.டி.யோ திரான்சிற்றரோ செத்துவிட்டால் அது பெரிய வேலையாகிவிடும். மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ இருப்பவர் ஒரேயொரு உதிரிப்பாகத்துக்காகக் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ பஸ் ஏற வேண்டும்.

பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பற்றரிகூட உள்ளே வராமல், சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மண் இது. ஒரு பழைய டயோட்டைக் கழற்றி இன்னொன்றில் பொருத்தி வாழவைக்கும் பழக்கம் அப்போது வேரூன்றியது. அந்தக் கைத்திறன் இன்றைய பிள்ளைகளிடமும் போக வேண்டும் என்பது என் விருப்பம். அதனால் இங்கே எதையும் சுருக்காமல் எழுதுகிறேன்.

முதலில் மனதில் இருத்த வேண்டியது: உதிரிப்பாகம் கெடுவது அயன் (ஈயத்தை உருக்கும் சூட்டுக்கோல்) எவ்வளவு சூடு என்பதால் மட்டுமல்ல, எவ்வளவு நேரம் தொட்டது என்பதாலும்தான். பயந்து பயந்து, சூடு போதாத அயனைப் பத்து விநாடி அழுத்திப் பிடிப்பவர்தான் அதிக பாகங்களைக் கொல்கிறார். நல்ல சூட்டில், சுத்தமான முனையால், இரண்டு விநாடி தொட்டு எடுப்பவரின் பாகம் பிழைக்கிறது. கீழே வரும் எல்லாமே அந்த இரண்டு விநாடியைச் சாத்தியமாக்கும் ஆயத்தங்கள்.

எது, எப்படிச் சாகிறது

சாதாரணத் திரான்சிற்றர், டயோட் போன்றவற்றுக்குத் தயாரிப்பாளர் தரும் தரவுத்தாளில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: உடலிலிருந்து 1.6 மில்லிமீற்றர் தள்ளிய இடத்தில் 260 பாகை செல்சியஸ், 10 விநாடி. எல்.ஈ.டி.க்கு இதைவிடக் கடுமை. உடலிலிருந்து 3 மில்லிமீற்றர் தள்ளி, 260 பாகையில் 5 விநாடி என்பது வழக்கமான எல்லை. நம் அயன் முனை அதைவிடச் சூடாக இருப்பதால் நமக்குக் கிடைக்கும் நேரம் இன்னும் குறைவு. மூன்று விநாடிக்குள் முடிப்பது என்று கையைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

எல்.ஈ.டி. சாகும் விதத்தை அறிந்தால் பாதி கவனம் தானாக வரும். அதன் ஒளி ஊடுருவும் உடல் ஒரு வகைப் பிசின். உள்ளே ஒளி தரும் சில்லையும் (சிப்) காலையும் இணைப்பது தலைமுடியைவிட மெல்லிய கம்பி. கால் சூடாகும்போது அதைப் பிடித்திருக்கும் பிசின் இளகும். அந்த நேரத்தில் காலை இழுத்தாலோ வளைத்தாலோ உள்ளிருக்கும் கம்பி அறுந்துவிடும். ஆறியபின் வெளியே எந்த அடையாளமும் தெரியாது. சில வேளை விளக்கு எரிந்து, பெட்டி வெயிலில் சூடானதும் அணைந்து, இரவில் மறுபடி எரியும். இப்படிப்பட்ட பழுதைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும் பாடு. எனவே சூடான காலை அசைக்காதீர்கள். வளைப்பதை எல்லாம் ஈயம் பிடிக்கும் முன்பே, உடலுக்கும் வளைவுக்கும் நடுவே குறட்டால் பிடித்துக்கொண்டு செய்துவிடுங்கள்.

பழைய வானொலிகளில் ஓ.ஏ.79 டயோட், ஏ.சி.128 திரான்சிற்றர் போன்ற, ஜேர்மேனியம் என்ற தனிமத்தால் செய்த பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. சிலிக்கனைவிட இவை சூட்டுக்கு மிகவும் அஞ்சுபவை. அவற்றின் உட்சந்தி 100 பாகையைத் தாண்டக் கூடாது. இன்று அவற்றுக்கு மாற்று எளிதில் கிடைக்காது என்பதால், வெப்பக் கவ்வி (கீழே விளக்குகிறேன்) மாட்டாமல் அவற்றைத் தொடவே வேண்டாம்.

அயன், முனை, மின்னழுத்தம்

வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் 60 வாற்று அயன் கையில் இருந்தால் நல்லது. ஈயம் கலந்த சோல்டருக்கு 320 முதல் 350 பாகை, ஈயமற்றதற்கு 350 முதல் 380 பாகை போதும். கட்டுப்பாடு இல்லாத சாதாரண அயன்தான் இருக்கிறது என்றால், மெல்லிய வயர் வேலைக்கு 25 முதல் 40 வாற்று வரை வைத்துக்கொள்ளுங்கள். 100 வாற்று அயன் தகர வேலைக்கானது. அதை எல்.ஈ.டி. பக்கம் கொண்டுவராதீர்கள்.

மின்கம்பி முடியும் எல்லையோரக் கிராமங்களில் மாலை வேளையில் மின்னழுத்தம் இறங்குவதைப் பலர் கவனிப்பதில்லை. 230 வோல்ற்றுக்குச் செய்த அயனுக்கு 200 வோல்ற் வந்தால், அதன் சூடேற்றும் வலு ஏறத்தாழ நான்கில் மூன்று பங்காகக் குறைந்துவிடும். 60 வாற்று அயன் 45 வாற்று அயனாகிறது. சூடு போதாத அயன் ஈர விறகு போன்றது. வேலையும் முடியாது, புகையும் குறையாது. ஆகவே மின்னழுத்தம் நன்றாக இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். பற்றரியில் இயங்கும் சிறிய அயன்களிலும் இதே கணக்குத்தான். 24 வோல்ற்றுக்குச் செய்ததை 12 வோல்ற் பற்றரியில் மாட்டினால் வலு கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

முனையின் வடிவத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். ஊசி போன்ற கூர்முனை நுட்பமான வேலைக்கு நல்லது என்று தோன்றும். உண்மையில் அது ஒரு புள்ளியில் மட்டுமே தொடுவதால் சூடு மெதுவாகக் கடக்கிறது, கையும் அதிக நேரம் நிற்கிறது. உளி வடிவ முனை, இரண்டு அல்லது மூன்று மில்லிமீற்றர் அகலத்தில், வயரையும் காலையும் ஒரே நேரத்தில் தழுவித் தொடும். நான் எவருக்குச் சொன்னாலும் உளி முனையையே சொல்வேன்.

முனை எப்போதும் வெள்ளிபோல மினுங்க வேண்டும். கறுத்த முனைக்குச் சூடு கடத்தத் தெரியாது. ஈரப் பஞ்சிலோ பித்தளை இழையிலோ துடைத்து, உடனே புதிய ஈயம் சிறிது பூசுங்கள். இன்றைய முனைகள் செம்பின் மேல் இரும்பு முலாம் பூசியவை. அரத்தாலோ உப்புத்தாளாலோ உரசினால் முலாம் போய்ச் சில நாளில் குழி விழும். முலாமில்லாத வெறும் செம்பு முனையை மட்டுமே அராவலாம்.

சூட்டை அளக்கக் கருவி இல்லையா? ஈயக் கம்பியை முனையில் தொடுங்கள். உடனே உருகிப் பரவ வேண்டும். வெண்புகை மெல்ல எழ வேண்டும். பொரிந்து தெறித்து, மிச்சம் உடனே கருகினால் சூடு அதிகம். கம்பி உருகத் தயங்கினால் சூடு போதாது.

ஈயமும் பிளக்ஸும்

கம்பியின் சுருளில் 63/37 என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம். இந்தக் கலவை 183 பாகையில் ஒரே புள்ளியில் உருகி, அதே புள்ளியில் உறையும். நடுவே குழம்பு நிலை கிடையாது. அதனால் ஆறும்போது கை சற்று நடுங்கினாலும் இணைப்பு கெடும் வாய்ப்பு குறைவு. 60/40 கலவையும் பரவாயில்லை. ஈயமற்ற கம்பிகள் 217 முதல் 227 பாகைவரை கேட்கும். அந்த நாற்பது பாகை வித்தியாசம் எல்.ஈ.டி.க்குச் சிறியதல்ல. தடிமன் 0.8 மில்லிமீற்றர் அல்லது அதற்கும் கீழே, நடுவே ரோசின் உள்ளதாக இருக்கட்டும்.

ரோசின் என்பது பைன் மரப் பிசினிலிருந்து எடுப்பது. சூடானதும் அது உலோகத்தின் மேலிருக்கும் ஒட்சைட்டைக் கரைத்து ஈயத்துக்கு வழிவிடுகிறது. இந்த வேலையைச் செய்யும் பொருளுக்குப் பொதுப்பெயர் பிளக்ஸ். தனியாக ஒரு டப்பா ரோசினோ எலெக்ட்ரோனிக்ஸ் பிளக்ஸோ வாங்கிவைப்பது ஈயத்தைவிட முக்கியம் என்பேன். பிளக்ஸ் போட்ட காலில் ஈயம் ஒரு விநாடியில் ஓடும், போடாத காலில் ஐந்து விநாடி நின்று உருண்டு விழும். பீலி, வாளி பொருத்துவோர் பயன்படுத்தும் அமிலத்தை மட்டும் மேசைக்குக் கொண்டுவராதீர்கள். அன்று நன்றாகப் பிடிக்கும், மாரி ஈரத்தில் வயரைப் பச்சையாக அரித்துவிடும்.

காரீயம் நஞ்சு. இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். ஈயம் தொட்ட விரலால் வெற்றிலை மடித்து வாயில் வைக்காதீர்கள். ஈயக் கம்பியைப் பல்லால் பிடிக்காதீர்கள். சிறு பிள்ளைகள் தவழும் தரையில் வேலை வேண்டாம்.

இடம்

சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் திறந்த விறாந்தையில் அமர்ந்து ஈயம் பிடித்தால், முனையின் சூட்டைக் காற்றே தின்றுவிடும். மின்விசிறியை நேராக மேசைமேல் திருப்பினாலும் அப்படித்தான். புகை முகத்தில் படாமல் பக்கவாட்டில் மெல்ல நகரும் அளவு காற்றோட்டம் போதும். ஓலைக் கூரையோ கிடுகு வேலியோ அருகில் இருந்தால் அயனுக்கு இரும்புத் தாங்கி கட்டாயம்.

மின்சாரத்தைக் கழற்றிய பிறகே தொடுவது என்பது தெரிந்ததுதான். சூரியத் தகட்டுக்கு அது பொருந்தாது. 12 வோல்ற் என்று சொல்லும் தகடு, சுமை இல்லாமல் பகலில் 20 வோல்ற்றுக்கு மேல் தரும், அதை அணைக்கும் சுவிட்சும் கிடையாது. தடித்த துணியால் மூடி, வயரையும் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். யானை வேலிக் கருவியின் உள்ளே இருக்கும் கப்பாசிற்றர், மின்சாரம் நிறுத்திய பிறகும் ஆபத்தான மின்னேற்றத்தை வைத்திருக்கும். அதை மின்னிறக்கத் தெரியாதவர் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

வயரையும் காலையும் ஆயத்தம் செய்தல்

வயரின் தோலை ஐந்து மில்லிமீற்றர் அளவுக்கு மட்டும் உரியுங்கள். இழைகள் அறுந்துபோகாமல் முறுக்குங்கள். சிறிது பிளக்ஸ் தடவி, முனையை ஒரு பக்கம் வைத்து, மறுபக்கத்திலிருந்து ஈயத்தைக் கொடுங்கள். ஈயம் இழைகளுக்குள் இறங்கியதும் எடுத்துவிடுங்கள். இழைகளின் வடிவம் வெளியே தெரிய வேண்டும். ஈயம் தோலுக்குள் ஏறிவிட்டால் அந்த இடம் விறைத்து, ஆடும்போது அங்கேயே முறியும்.

விலை குறைந்த வயர் சிலவற்றில் ஈயம் பிடிக்கவே பிடிக்காது. கத்தியால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். அதோடு போராடினால் சூடு முழுவதும் உதிரிப்பாகத்துக்குப் போகும். நல்ல செம்பு வயரைத் தேடுங்கள்.

கழற்றியெடுத்த பழைய பாகங்களின் கால்கள் கறுத்துப்போயிருக்கும். பிளேட்டின் முதுகால் மெல்லச் சுரண்டிப் பளபளப்பாக்கி, வெறுங்கையால் மறுபடி தொடாமல், பிளக்ஸ் தடவி, வெப்பக் கவ்வி மாட்டி, ஒரு விநாடியில் மெல்லிய ஈயப் பூச்சு கொடுங்கள். பிறகு முழுவதும் ஆறவிடுங்கள். கால்களை வெட்டிக் குட்டையாக்காதீர்கள். நீளமான கால் சூட்டை வழியிலேயே இழக்கும். ஈயம் பிடித்து முடிந்த பிறகு வெட்டலாம்.

வெப்பக் கவ்வி

இணைக்கும் இடத்துக்கும் பாகத்தின் உடலுக்கும் நடுவே உலோகம் ஒன்று காலைப் பிடித்திருந்தால், உடலை நோக்கிப் போகும் சூட்டை அது குடித்துவிடும். முதலைக் கவ்வி போதும். பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு உலோகப் பல் நேராகக் காலைக் கடிக்கும்படி மாட்டுங்கள். கூர்மூக்குக் குறட்டின் கைப்பிடியில் இறப்பர் வளையம் சுற்றினால் அதுவும் தானாகப் பிடித்து நிற்கும், அதோடு இரண்டு கைகளும் வேலைக்குக் கிடைக்கும். ஆனால் இணைப்பை ஒட்டியே மாட்டினால் இணைப்புக்கு வேண்டிய சூட்டையும் அது குடிக்கும். உடலருகே மாட்டுங்கள்.

இணைக்கும் விநாடிகள்

சூடு பட்டால் சுருங்கி இணைப்பை மூடும் சுருங்கு குழாயை முதலில் வயரில் கோர்த்து, இணைப்பிலிருந்து மூன்று சென்ரிமீற்றருக்கு அப்பால் தள்ளிவையுங்கள். அருகில் இருந்தால் அயனின் சூட்டிலேயே சுருங்கிவிடும்.

ஈயம் பூசிய வயரையும் ஈயம் பூசிய காலையும் பக்கம் பக்கமாக, ஒன்றையொன்று ஐந்து மில்லிமீற்றர் தொடும்படி வையுங்கள். இரண்டும் அசையாமல் நிற்க வேண்டும். முனையைத் துடைத்து, நுனியில் துளியளவு புதிய ஈயம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் துளி இணைப்பை நிரப்புவதற்கு அல்ல, முனையிலிருந்து காலுக்குச் சூடு விரைவாகத் தாவுவதற்கு. இணைப்பில் பிளக்ஸ் தடவி, முனையின் தட்டைப் பக்கத்தை இரண்டும் தொடும் இடத்தில் வையுங்கள். ஒன்று, இரண்டு. பூசியிருந்த ஈயங்கள் உருகி ஒன்றாகி மினுங்கும் அந்தக் கணத்தில் முனையை எடுத்துவிடுங்கள். குறைகிறது என்று தோன்றினால், முனையிலல்ல, இணைப்பில் ஈயக் கம்பியைத் தொட்டு எடுங்கள்.

ஊதாதீர்கள். ஊதினால் சீரில்லாமல் உறைந்து விரிசல் வரும். ஐந்து விநாடி அசையாமல் பிடித்தால் தானாக உறையும்.

மூன்று விநாடிக்குள் ஓடவில்லை என்றால் முனையை எடுத்துவிடுங்கள். இந்தக் கட்டுப்பாடுதான் பாகத்தைக் காப்பாற்றும். "இன்னும் கொஞ்சம்" என்று அழுத்துவது கூடாது. பாகம் விரலால் தொடக்கூடிய சூட்டுக்கு வரும்வரை பொறுத்து, முனையைச் சுத்தம் செய்து, பிளக்ஸ் கூட்டி, மறுபடி முயலுங்கள். ஒரு காலுக்குப் பின் அடுத்த காலுக்குப் போகும்போதும் அதே பொறுமை வேண்டும். மூன்று கால் திரான்சிற்றரில் கால்களை அடுத்தடுத்துச் சுட்டால் மூன்று சூடும் ஒரே சில்லில் சேரும்.

இரு வயர்களின் இணைப்புகளையும் ஒரே மட்டத்தில் வைக்காமல் ஒன்றை முன்பின்னாக அமைத்தால் குறுக்குச் சுற்று வராது. ஆறிய பிறகே சுருங்கு குழாயை இழுத்து மூடிச் சூடு காட்டுங்கள். சாதாரண ஒட்டு நாடாவை இங்கே நம்ப முடியாது. வைகாசி வெயிலில் அதன் பசை உருகிக் கழன்றுவிடும்.

தனிக் கவனம் வேண்டியவை

மின்விசிறி மோட்டரின் சுருளுக்குள் இருக்கும் வெப்ப உருகி பலரைத் திணறவைக்கிறது. அது குறிப்பிட்ட வெப்பநிலையில் அறுந்துவிடவே செய்யப்பட்டது. 115 முதல் 150 பாகைவரை உள்ளவை பரவலாகக் கிடைக்கின்றன. ஈயமோ 183 பாகையில்தான் உருகுகிறது. அப்படியானால் ஈயம் உருகும் சூடு உருகிக்குள் போனாலே புதிய உருகியும் செத்துவிடும். அதனால் நெருக்குக் குழாய் கொண்டு குறட்டால் நெருக்கி இணைப்பதே சரி. ஈயம்தான் வழி என்றால் கால்களை நீளமாக விட்டு, கவ்வி மாட்டி, உடனே ஈரத்துணியால் உடல் பக்கத்துக் காலைத் தொட்டுக் குளிர்வியுங்கள்.

லிதியம் மின்கலத்தில் நேராக ஈயம் பிடிக்காதீர்கள். உள்ளே தகடுகளைப் பிரித்துவைக்கும் மென்படலம் சுமார் 130 பாகையில் உருகத் தொடங்கும். அது போனால் உள்ளேயே குறுக்குச் சுற்றாகித் தீப்பிடிக்கலாம். நிக்கல் பட்டி ஏற்கெனவே பற்றவைத்த கலத்தை வாங்கி, பட்டியின் வெளிநுனியில் வயரைப் பிடியுங்கள். இல்லையேல் கலத்தாங்கியைப் பயன்படுத்துங்கள்.

சிறிய மைக்குகளின் பின்புறத்தில் வயர் நேரே உடலிலேயே ஒட்டுவதால் கவ்வி மாட்ட இடமில்லை. உடலையே ஒரு தடித்த உலோகத் துண்டின் துளையில் உட்காரவைத்து, ஒரு விநாடித் தொடுகையில் முடியுங்கள். பீசோ ஒலித்தட்டின் வெள்ளிப் பூச்சை நீடித்த சூடு ஈயத்துக்குள் கரைத்துவிடும். அதற்கும் ஒரு விநாடிதான்.

பிளாஸ்டிக் உடலுள்ள சொக்கற், தள்ளு சுவிட்ச் ஆகியவற்றில் சூடான ஊசி இளகிய பிளாஸ்டிக்கில் சாய்ந்துவிடும். ஈயம் பிடிக்கும் முன் அதற்குப் பொருந்தும் செருகியை மாட்டிவிடுங்கள். ஊசிகள் நேராக நிற்கும், சூட்டில் ஒரு பங்கையும் செருகி வாங்கிக்கொள்ளும். எட்டுக் கால் சில்லுகளுக்குச் சொக்கற்றைப் பலகையில் பிடித்து ஆறியபின் சில்லைச் செருகுவதே நல்ல வழி. மொஸ்பெற் வகைத் திரான்சிற்றர்களுக்குச் சூட்டோடு நிலைமின்னும் பகை. தொடும் முன் நிலத்தோடு இணைந்த உலோகம் ஒன்றைத் தொட்டு உங்கள் உடலின் மின்னேற்றத்தை இறக்குங்கள்.

சோதனையும் பொருத்தலும்

நல்ல இணைப்பில் ஈயம் இரு உலோகங்களின் மேலும் மெல்லிய விளிம்போடு படர்ந்திருக்கும். உருண்டையாக நின்றால் அது ஒட்டவில்லை. முழுதும் ஆறியதும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். மல்டிமீற்றரை டயோட் நிலையில் வைத்தால் நல்ல சிலிக்கன் சந்தி ஒரு திசையில் 0.6 முதல் 0.7 வோல்ற் காட்டும், மறுதிசையில் எதுவும் காட்டாது. சிவப்பு எல்.ஈ.டி. அந்த நிலையிலேயே மங்கலாக ஒளிரும். ஈயம் பிடிக்கும் முன்பும் பின்பும் அளந்தால், கெட்டது உங்கள் மேசையிலா அதற்கு முன்பா என்று தெளிவாகும்.

வயலில் நிற்கப்போகும் பெட்டியில் இழுவை இணைப்பைச் சேரக் கூடாது. வயர் பெட்டிக்குள் நுழையும் துளைக்கு உட்புறமாக ஒரு முடிச்சோ கட்டும் பட்டியோ போடுங்கள். இணைப்புக்கும் அதற்கும் நடுவே வயர் சற்றுத் தளர்வாக வளைந்திருக்கட்டும். துளை பெட்டியின் கீழ்ப்பக்கம் இருந்தால் மழைநீர் வயர் வழியே உள்ளே ஓடாது. மிஞ்சிய இடைவெளியைச் சிலிக்கன் பசையால் அடையுங்கள், இல்லாவிட்டால் எறும்பு உள்ளே புற்றுக் கட்டும். புளி வாசனை அடிக்கும் வகைப் பசை உறையும்போது அசெற்றிக் அமிலம் விடுவதால் செம்பை அரிக்கும். அதைப் பெட்டியின் வெளிப்புறத்தில் மட்டும் பூசி, ஒரு நாள் காயவிட்டு மூடியை முடுக்குங்கள்.